கட்டுமிடம் உள்ளே, வேலையிடம் வெளியே

1950களின் பின்பாதியில் ஆக்ஸ்ஃபோர்டில், மைக்கேல் ஃபிஷ்பெர்க்கின் ஆய்வகத்துத் தொட்டிகளில் ஆப்பிரிக்க நகத்தவளைகள் வளர்ந்துகொண்டிருந்தன. இந்தத் தவளை ஆய்வகங்களுக்குள் நுழைந்த வழி சற்று வேடிக்கையானது. கர்ப்பிணியின் சிறுநீரை ஊசி வழியாகப் பெண் தவளைக்குச் செலுத்தினால் ஒரு நாளுக்குள் அது முட்டையிட்டுவிடும் என்று கண்டுபிடித்த பிறகு, பல நாட்டு மருத்துவமனைகள் கர்ப்பப் பரிசோதனைக்காக இதைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரவழைத்தன. பருவம் பார்க்காமல் வேண்டும்போது முட்டை கிடைக்கிறது என்பதால் கருவளர்ச்சியை ஆராய்பவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபிஷ்பெர்க்கின் தவளைகளில் ஒன்று மட்டும் வேறுமாதிரி இருந்தது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நுண்ணோக்கியில், மற்றத் தவளைகளின் செல் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் எனப்படும் கரும்பொட்டு இரண்டு தெரிய, இதன் உட்கருவில் ஒன்றுதான் தெரிந்தது. இப்படி ஒற்றை நியூக்ளியோலஸ் கொண்ட ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்தபோது மெண்டலின் கணக்குப்படியே குஞ்சுகள் பிரிந்தன. கால் பங்குக்கு இரண்டு, அரைப் பங்குக்கு ஒன்று, மிச்சமிருந்த கால் பங்குக்கு நியூக்ளியோலஸே இல்லை. 1958இல் எல்ஸ்டேல், ஃபிஷ்பெர்க், ஸ்மித் மூவரும் இதை வெளியிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கால் பங்கு. நியூக்ளியோலஸ் இல்லாத கருக்கள் உடனே சாகவில்லை. செல்கள் பிரிந்தன, முதுகுநாண் உருவாயிற்று, இதயம் துடித்தது, முட்டையிலிருந்து பொரித்து வெளியே வந்து தலைப்பிரட்டைகளாக நீந்தவும் செய்தன. ஆனால் இரை தின்னத் தொடங்கும் பருவத்தை அவை எட்டவில்லை. அதற்கு முன்பே எல்லாம் இறந்தன.

காரணத்தை 1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் காட்டினார்கள். கர்டன் பின்னாளில், முதிர்ந்த செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைத்துத் தவளை வளர்த்ததற்காக 2012இல் நோபல் பெற்றவர். அந்த வேலைக்கு வைத்த உட்கரு எந்தத் தவளையுடையது என்று அடையாளம் காண அவருக்கு உதவியதும் இதே ஒற்றை நியூக்ளியோலஸ்தான். இருவரும் கண்டது இது: நியூக்ளியோலஸ் இல்லாத கருக்கள் மற்ற வகை ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்குகின்றன, புரதம் செய்யும் ரைபோசோமுக்கு வேண்டிய பெரிய ஆர்.என்.ஏ.க்களை மட்டும் உண்டாக்குவதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வாலஸும் பிர்ன்ஸ்டீலும் அந்த ஆர்.என்.ஏ.க்களுக்கான மரபணுக்களே இக்கருக்களில் காணாமல்போயிருப்பதை நிறுவினார்கள். அப்படியென்றால் அத்தனை நாள் இதயமும் தசையும் கட்டப்பட்டது எந்த ரைபோசோமைக் கொண்டு? தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்ததைக் கொண்டு. தாயின் கையிருப்பு தீர்ந்த இடத்தில் தலைப்பிரட்டையின் ஆயுளும் தீர்ந்தது.

அந்தக் கையிருப்பின் அளவு நம்பக் கடினமானது. இத்தவளையின் வளர்ந்த முட்டைச் செல் ஒன்றில் சுமார் லட்சம் கோடி ரைபோசோம்கள் உள்ளன. சாதாரண எண்ணிக்கையில் மரபணுக்களை வைத்துக்கொண்டு இத்தனையையும் செய்ய முனைந்தால் நூற்றாண்டுகள் ஆகும். அதனால் முட்டைச் செல் அந்த மரபணுக்களை மட்டும் குரோமோசோமிலிருந்து தனியே படியெடுத்துப் பெருக்கிக்கொள்கிறது. விளைவாக அதன் உட்கருவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியூக்ளியோலஸ்கள் மிதக்கின்றன. இதை 1968இல் பிரவுனும் டேவிடும் ஒருபுறமும் ஜோசப் கால் மறுபுறமும் கண்டறிந்தார்கள். தாய்க்கு ஒரே ஒரு நியூக்ளியோலஸ் இருந்தும் முட்டைகளில் ரைபோசோம் குறையாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

பள்ளிப் புத்தகத்துச் செல் படத்தில் உட்கரு நடுவில் ஒரு வட்டம். ரைபோசோம்கள் ஓரமாக வைக்கப்பட்ட புள்ளிகள். ஒன்றுக்குக் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர், மற்றதற்குப் புரதத் தொழிற்சாலை என்று பெயர். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் வளரும் செல்லில் உட்கருவின் நேரத்தையும் பொருளையும் எது விழுங்குகிறது என்று பார்த்தால் அந்தப் படத்தை மாற்றி வரைய வேண்டியிருக்கும். வேகமாக வளரும் ஈஸ்ட் செல்லைப் பற்றி ஜோனத்தன் வார்னர் 1999இல் கொடுத்த கணக்கு இத்துறையில் இன்றும் மேற்கோளாக வருகிறது. செல்லுக்கு இரண்டு லட்சம் ரைபோசோம்கள். நிமிடத்துக்குப் புதிதாக இரண்டாயிரம். உட்கருவில் நடக்கும் மொத்த ஆர்.என்.ஏ. படியெடுப்பில் சுமார் 60 சதவீதம் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மட்டும். ரைபோசோம் செய்வதுதான் உட்கருவின் பெருந்தொழில். மற்ற மரபணுக்களைப் படிப்பது, அளவைப் பார்த்தால், அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ரைபோசோமை இத்தனை பாடுபட்டுக் கட்டும் உட்கரு, தனக்குள் அது வேலை செய்ய அனுமதிப்பதில்லை. கட்டுவது உள்ளே, ஓடுவது வெளியே. இந்தப் பிரிவினையைக் காப்பாற்றச் செல் எடுத்துக்கொள்ளும் சிரமத்தைக் கவனித்தால், உட்கரு எதற்காக ஏற்பட்டது என்ற கேள்விக்கே ஒரு வழி கிடைக்கிறது.

உட்கருவை 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் கண்டு லண்டன் லின்னேயன் சங்கத்தில் விவரித்தார். முன்பே பார்த்தவர்கள் உண்டு; எல்லாச் செல்லிலும் இருக்கும் உறுப்பு இது என்ற எண்ணம் அவரிடமிருந்துதான் பரவியது. மனித செல்லில் இதன் குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். அதற்குள் மொத்தம் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ., ஹிஸ்டோன் புரத உருளைகளில் 147 எழுத்து இணைகளாகச் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. சுற்றிலும் இரட்டைச் சவ்வு உறை. உறையின் உட்பக்கம் லேமின் என்ற இழைப்புரதங்களின் வலை. இந்த லேமின் ஒன்றில் நேரும் ஓர் எழுத்துப் பிழையால்தான் குழந்தைகளை முதுமைக் கோலத்துக்குத் தள்ளும் புரோஜீரியா நோய் வருகிறது என்று 2003இல் தெரிந்தது.

உறையில் துளைகள் உண்டு. துளை என்ற சொல் இந்த அமைப்புக்கு மிகவும் எளிமையானது. சுமார் முப்பது வகைப் புரதங்களின் ஆயிரத்தை நெருங்கும் பிரதிகள் எட்டு மடிச் சமச்சீரில் கூடிய வளையம் இது. ரைபோசோமைவிடப் பல மடங்கு எடையுள்ளது. நடுவழியில் ஒழுங்கற்ற புரத இழைகள் அடர்ந்து நிற்கின்றன. சிறு மூலக்கூறுகள் தாமாக நுழைந்துவிடும். சுமார் 40,000 டால்டனுக்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதிச் சீட்டாக ஓர் அமினோ அமிலத் தொடரும், கூட்டிச் செல்ல ஒரு துணைப் புரதமும் வேண்டும். மனித செல்லின் உறையில் இத்தகைய வாயில்கள் சில ஆயிரம் இருக்கும்.

இனி நியூக்ளியோலஸ். இத்தாலியரான ஃபெலிசே ஃபொண்டானா 1781இலேயே விலாங்கு மீனின் செல்லுக்குள் இதைப் படம் வரைந்திருக்கிறார். 1930களில் ஹைட்ஸும், மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக்கும் இது குரோமோசோமின் குறிப்பிட்ட ஓரிடத்தைச் சுற்றியே உருவாகிறது என்று காட்டினார்கள். நம்மில் அந்த இடங்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் உள்ளன. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கிறது. ஒரே மாதிரியான பிரதிகளாக இருப்பதால் எந்தத் துண்டு எங்கே சேரும் என்று கணினியால் சொல்ல முடியவில்லை. 2003இல் முடிந்துவிட்டது என்று விழா எடுத்து அறிவித்த மனித மரபணுத் தொகுப்பு வரைபடத்தில் இந்தக் குட்டைக் கைகள் வெற்றிடமாகவே கிடந்தன. 2022இல்தான் அவை நிரப்பப்பட்டன. செல் அதிகம் பயன்படுத்தும் மரபணுக்களே நம் வரைபடத்தில் கடைசியாக இடம் பெற்றன.

அந்த மரபணுக்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும். நீர்ப்பல்லியின் முட்டைச் செல்லிலிருந்து நியூக்ளியோலஸை எடுத்துக் கலைத்துப் பரப்பி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1969இல் அவர்கள் எடுத்த படம் உயிரியலின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. நடுவே டி.என்.ஏ. இழை. அதன் இருபுறமும் ஆர்.என்.ஏ. கிளைகள், ஒரு முனையில் குட்டையாகத் தொடங்கி மறுமுனை நோக்கி நீண்டுகொண்டே போகின்றன. ஒரே மரபணுவில் நூறு அளவுக்கு நொதிகள் வால் பிடித்ததுபோல் அடுத்தடுத்து ஓடி, ஆளுக்கொரு பிரதி எழுதிக்கொண்டிருக்கும் காட்சி அது. ஆய்வாளர்கள் இதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி எழுதப்படும் ஆர்.என்.ஏ. மனிதரில் ஏறத்தாழ 13,000 எழுத்துகள் கொண்ட ஒரே நீளத் துண்டு. அதிலிருந்து 18 எஸ், 5.8 எஸ், 28 எஸ் என்ற மூன்று பகுதிகள் வெட்டியெடுக்கப்படுகின்றன. ‘எஸ்’ என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அளவு; எடையல்ல என்பதால் இரண்டைக் கூட்டினால் கணக்கு ஒத்துவராது. எழுதியதில் கிட்டத்தட்ட பாதி வெட்டி எறியப்படுகிறது. மிஞ்சியதிலும் சுமார் இருநூறு இடங்களில் எழுத்துகள் வேதியியல் முறையில் திருத்தப்படுகின்றன. எங்கே திருத்துவது என்று இடம் காட்ட நியூக்ளியோலஸுக்கென்றே சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ரைபோசோம் புரதங்களின் மரபணுக்களில் வெட்டி எறியப்படும் பகுதிகளுக்குள்ளிருந்தே எடுக்கப்படுகின்றன. கழிவிலிருந்து கருவி செய்துகொள்ளும் இந்தச் சிக்கனம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

நான்காவது ஆர்.என்.ஏ.வான 5 எஸ், வேறொரு நொதியால் வேறு குரோமோசோமில் எழுதப்பட்டு வந்து சேர்கிறது. அடுத்து வேண்டியவை சுமார் எண்பது புரதங்கள். இந்தப் புரதங்கள் எங்கே செய்யப்படுகின்றன? வெளியே, சைட்டோபிளாசத்தில், ஏற்கெனவே இருக்கும் ரைபோசோம்களால். அவற்றுக்கான தூது ஆர்.என்.ஏ. உட்கருவிலிருந்து வெளியே போகிறது. புரதம் செய்யப்பட்டு வாயில் வழியாக உள்ளே வருகிறது. நியூக்ளியோலஸில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வோடு பொருத்தப்படுகிறது, பொருத்தப்பட்ட பகுதி மறுபடியும் வாயில் வழியாக வெளியே போகிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்லில் நிமிடத்துக்குச் சுமார் 7,500 ரைபோசோம் துணையலகுகள் (பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்ந்ததே ஒரு ரைபோசோம்) உருவாகின்றன. அதற்காக நிமிடத்துக்கு மூன்று லட்சம் ரைபோசோம் புரதங்கள் உள்ளே வந்தாக வேண்டும். சிக்கனம் மட்டும் நோக்கமென்றால் இவை அனைத்தையும் வெளியே வைத்துக் கட்டியிருக்கலாம். பாக்டீரியா அப்படித்தான் கட்டுகிறது.

நியூக்ளியோலஸுக்குச் சவ்வு கிடையாது. பின் எப்படி இத்தனை பொருள்களும் ஓரிடத்தில் கூடி நிற்கின்றன? 2011இல் கிளிஃபோர்ட் பிராங்வின், டிமதி மிச்சிசன், ஆண்டனி ஹைமன் ஆகியோர் அதே நகத்தவளையின் முட்டைச் செல்லில் நியூக்ளியோலஸ்கள் திரவத் துளிகளைப்போல் நடந்துகொள்வதைக் காட்டினார்கள். இரண்டு தொட்டுக்கொண்டால் ஒன்றாகி உருண்டையாகின்றன. 2016இல் பிராங்வின் குழுவே இன்னொன்றும் கண்டது: நியூக்ளியோலஸின் மூன்று அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காத மூன்று திரவங்களாக, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன. படியெடுப்பு உள் அடுக்கின் விளிம்பில் தொடங்குகிறது, வெட்டும் திருத்தமும் நடு அடுக்கில் நடக்கின்றன, புரதங்கள் வந்து பொருந்துவது பெரும்பாலும் வெளி அடுக்கில். நூற்றாண்டுக்கு மேலாகச் சாயம் ஏற்றிப் பார்த்து வெறும் கரும்பொட்டு என்று எண்ணப்பட்ட ஒன்றுக்குள் இவ்வளவு ஒழுங்கு.

கட்டும் பணியில் உதவிவிட்டு விலகிக்கொள்ளும் புரதங்கள் ஈஸ்டில் மட்டும் இருநூறுக்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. இவற்றில் பல பொருத்துகின்றன, மடிக்கின்றன, வெட்டுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு சில. அவற்றின் பணி தடுப்பது. தேரை நிறுத்த சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்களே, அந்த வேலை. பெரிய துணையலகின் மேல் இ.ஐ.எஃப். 6 என்ற புரதம் ஒட்டிக்கொண்டு, சிறிய துணையலகு வந்து சேரவேண்டிய முகத்தை மறைத்துவிடுகிறது. என்.எம்.டி. 3 என்ற இன்னொரு புரதம் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டே, வாயிலைக் கடப்பதற்கான அனுமதிச் சீட்டாகவும் இருக்கிறது. சிறிய துணையலகிலோ ஆர்.என்.ஏ.வின் கடைசி வெட்டு நடக்காமல் மிச்சம் வைக்கப்படுகிறது. இப்படிப் பூட்டப்பட்ட நிலையில்தான் இரண்டும் தனித்தனியாக உட்கருவை விட்டு வெளியேறுகின்றன.

வெளியே வந்த பிறகும் உடனே வேலையில் சேர்க்கப்படுவதில்லை. சிறிய துணையலகுக்கு வெள்ளோட்டம் ஒன்று நடத்தப்படுவதை 2012இல் ஈஸ்டில் கண்டார்கள். முழுமையடையாத சிறிய துணையலகு, முதிர்ந்த பெரிய துணையலகு ஒன்றோடு சேர்கிறது. தூது ஆர்.என்.ஏ. கிடையாது, புரதம் உருவாவதில்லை. ஆனால் சேரும் முறை உண்மையான வேலையில் நடப்பது போன்றதே. சரியாகப் பொருந்தினால் கடைசி வெட்டு நடக்கிறது, தடுப்புகள் விலகுகின்றன. பெரிய துணையலகின் முட்டுக்கட்டையைக் கழற்ற எஸ்.பி.டி.எஸ். என்ற புரதமும் இ.எஃப்.எல். 1 என்ற நொதியும் சேர்ந்து வரவேண்டும். இந்த முட்டுக்கட்டையையும் எஸ்.பி.டி.எஸ். புரதத்தையும் நினைவில் வைத்திருக்கலாம்.

பூட்டுகள் கழன்ற ரைபோசோம் செய்யும் வேலை பரவலாகத் தெரிந்தது. சிறிய துணையலகு தூது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது; கடத்து ஆர்.என்.ஏ.க்கள் அதற்குரிய அமினோ அமிலங்களைக் கொண்டுவருகின்றன. பெரிய துணையலகு அவற்றை ஒவ்வொன்றாகத் தொடுக்கிறது. நம் செல்களில் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்கள், பாக்டீரியாவில் இருபது வரைகூட. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தத் துகள்களை 1955இல் தெளிவாக விவரித்தவர் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஜார்ஜ் பலாடே. ரைபோசோம் என்ற பெயர் 1958இல் ஒட்டிக்கொண்டது.

உள்ளமைப்பு தெரிய இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. லட்சக்கணக்கான அணுக்கள் கொண்ட, சமச்சீரற்ற இந்தப் பொருளைப் படிகமாக்க முடியாது என்றுதான் பெரும்பாலோர் எண்ணினர். 1980இல் அடா யோனத் முதல் படிகங்களைப் பெற்றார். வெந்நீர் ஊற்றிலும் சாக்கடலிலும் வாழும் நுண்ணுயிர்களின் ரைபோசோம் உறுதியானது என்பது இத்துறைக்குக் கைகொடுத்தது. 2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மூரும் தாமஸ் ஸ்டெய்ட்சும் பெரிய துணையலகின் அணு அமைப்பை வெளியிட்டார்கள். அதே ஆண்டு சிறிய துணையலகின் அமைப்பைக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்டவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு பரோடாவுக்குச் சென்றவர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகே உயிரியலுக்கு வந்தவர். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் யோனத், ஸ்டெய்ட்ஸ், ராமகிருஷ்ணன் மூவருக்கும் போயிற்று. மூவருக்கு மேல் பகிரக்கூடாது என்ற விதியால் மூரும், ரைபோசோமின் உயிர்நாடி ஆர்.என்.ஏ.தான் என்று நீண்டகாலமாக வாதிட்ட ஹாரி நோலரும் வெளியே நின்றார்கள். அந்த விதி இங்கே நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து.

நோலர் சொன்னது சரியென்று படிகங்கள் காட்டின. அமினோ அமிலங்கள் இணையும் இடத்திலிருந்து சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் யேல் குழு பார்த்த அமைப்பில் புரதமே இல்லை. பின்னர் பாக்டீரிய ரைபோசோமில் ஒரு புரதத்தின் வால் அருகே நீள்வது தெரிந்தது. அந்தப் புரதத்தை நீக்கினாலும் பாக்டீரியா, மெதுவாகவேனும், வளர்கிறது. தொடுக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. சிறிய துணையலகிலும் சரியான சொல்லுக்குச் சரியான கடத்து ஆர்.என்.ஏ. வந்திருக்கிறதா என்று அளப்பவை ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் இரண்டு அடினைன்கள். பொருத்தம் சரியாக இருந்தால் அவை வெளியே புரண்டு வந்து அந்த இணைப்பின் வடிவத்தைத் தொட்டுச் சரிபார்க்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் இந்த இடத்தை ஒட்டி அமர்ந்துதான் பாக்டீரியாவைப் பிழையாகப் படிக்க வைக்கின்றன. நம் ரைபோசோமின் எழுத்துகள் சற்றே வேறு என்பதால் நாம் தப்புகிறோம். நம் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ரைபோசோமோ பாக்டீரிய வம்சம். அதன் ஆர்.என்.ஏ.வில் தாய்வழியாக வரும் ஓர் எழுத்து மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்து காதைச் செவிடாக்கிவிடும்.

ஆக நியூக்ளியோலஸ் கட்டுவது, புரதம் போர்த்திய ஓர் ஆர்.என்.ஏ. இயந்திரம். அதை உள்ளே ஓட விட்டால் என்ன கெட்டுவிடும்?

பாக்டீரியாவில் எதுவும் கெடுவதில்லை. அங்கே தூது ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம்கள் ஏறிப் படிக்கத் தொடங்கிவிடுகின்றன. இதையும் படம் பிடித்துக் காட்டியவர் மில்லர்தான், 1970இல். நம் மரபணுக்களின் நிலை வேறு. இடையிடையே புரதத்துக்குப் பொருள் தராத இன்ட்ரான்கள் நீண்டு கிடக்கின்றன; அவற்றை வெட்டி ஒட்டிய பிறகே தூது ஆர்.என்.ஏ. படிக்கத் தகுதி பெறுகிறது. தசையிலுள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணு இதற்கு மிகையான உதாரணம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அதை ஒருமுறை படியெடுக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பின் மிஞ்சுவது ஏறத்தாழ 14,000 எழுத்துகள். ரைபோசோம் பொறுமையற்றது. உள்ளே வேலை செய்ய விட்டால், வெட்டப்படாத இன்ட்ரானுக்குள்ளும் புகுந்து, உருப்படாத புரதங்களைத் தொடுத்துத் தள்ளும்.

2006இல் வில்லியம் மார்ட்டினும் யூஜீன் கூனினும் முன்வைத்த கருதுகோள் இதைத்தான் உட்கருவின் தோற்றத்துக்கே காரணமாகச் சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதையான பாக்டீரியா உள்ளே குடியேறியபோது அதனோடு வந்த இன்ட்ரான்கள் ஓம்புயிரியின் மரபணுக்களில் பரவின. வெட்டுவது மெதுவான வேலை, படிப்பது வேகமான வேலை. இரண்டையும் இடத்தால் பிரித்த செல்லே பிழைத்தது. உறை அந்தப் பிரிவினைச் சுவர். இருநூறு கோடி ஆண்டுக்கு முந்தைய நிகழ்வை ஆய்வகத்தில் மீண்டும் நடத்திப் பார்க்க முடியாது. உட்கருவின் தோற்றத்துக்கு வேறு கருதுகோள்களும் உண்டு. ஆயினும் நியூக்ளியோலஸில் ரைபோசோமுக்குப் போடப்படும் அத்தனை முட்டுக்கட்டைகளுக்கும் ஒரு காரணம் சொல்வது இதுவே என்பதால் என் சாய்வு இதன் பக்கம்தான். இன்னொரு துணைச் சான்றும் உண்டு. நம் செல் பிரியும்போது உறை கலைந்துவிடுகிறது, உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடுகின்றன. சுவர் இல்லாத அந்த ஒரு மணி நேர அளவில் படியெடுப்பும் நிறுத்தப்படுகிறது, நியூக்ளியோலஸும் கரைந்துபோகிறது. உறை மீண்டும் கூடும்போதுதான் எழுத்து வேலை தொடங்குகிறது.

உட்கரு இல்லாமல் ரைபோசோம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை நம் ரத்தத்திலேயே பார்க்கலாம். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. ரைபோசோம்கள் மட்டும் கொஞ்ச நாள் தங்கி, ஏற்கெனவே எழுதப்பட்ட தூது ஆர்.என்.ஏ.வைப் படித்து ஹீமோகுளோபின் செய்கின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் ரெட்டிகுலோசைட் என்று ஒரு வரி வருமே, அது இந்த இளம் அணுக்களின் எண்ணிக்கை. சாயத்தில் வலைபோல் தெரிவது மிஞ்சிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. ரத்த ஓட்டத்துக்கு வந்து ஓரிரு நாளில் அதுவும் தீர்ந்துவிடும். பிறகு சுமார் 120 நாள் வாழ்வில் அந்த அணு ஒரு புரதமும் புதிதாகச் செய்வதில்லை. ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் பல ரைபோசோம்கள் சேர்ந்து ஓடும் என்பதை அலெக்சாண்டர் ரிச்சும், முன்பு சொன்ன வார்னரும் 1960களின் தொடக்கத்தில் கண்டது முயலின் ரெட்டிகுலோசைட்டில்தான். ஹீமோகுளோபின் தூதில் பெரும்பாலும் ஐந்து.

ரைபோசோம் கட்டுமானத்தில் கோளாறு நேர்ந்தால் முதலில் அடி வாங்குவதும் சிவப்பணுதான். டயமண்ட்–பிளாக்ஃபேன் ரத்தசோகை பெரும்பாலும் குழந்தையின் முதல் வயதுக்குள் தெரியவரும். ஆர்.பி.எஸ். 19 என்ற சாதாரண ரைபோசோம் புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பதாக 1999இல் கண்டபோது பலர் குழம்பினார்கள். உடலின் எல்லாச் செல்லுக்கும் வேண்டிய புரதம். நோய் மட்டும் ஏன் மஜ்ஜையில்? ஒரு பகுதி விடை நியூக்ளியோலஸில் இருக்கிறது. கட்டுமானம் தடைபட்டால் 5 எஸ் ஆர்.என்.ஏ.வும் அதனோடு சேர்ந்த இரண்டு புரதங்களும் சேருமிடமின்றி அலைகின்றன. அவை எம்.டி.எம். 2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் பிடியிலிருந்த பி53 என்ற புரதம் விடுபட்டுச் செல்லை நிறுத்துகிறது அல்லது கொல்கிறது. மற்றொரு பகுதி விடை 2014இல் வந்தது. ரைபோசோம் குறையும்போது எல்லாத் தூதுகளும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. சிவப்பணு உருவாக இன்றியமையாத காட்டா 1 என்ற புரதத்தின் தூது கூடுதலாகப் பின்தங்குகிறது.

முட்டுக்கட்டையைக் கழற்றும் எஸ்.பி.டி.எஸ். புரதத்தின் பெயரே ஒரு நோயின் பெயரிலிருந்து வந்தது: ஷ்வாக்மன்–டயமண்ட் நோய்க்குறி. கணையம் நொதி சுரக்காது, வெள்ளணுக்கள் குறையும், எலும்பு வளர்ச்சி பாதிக்கப்படும், ரத்தப் புற்றுநோய் அபாயம் உண்டு. மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. ஈஸ்டில் இதே புரதத்தை நீக்கினால் செல் தவிக்கிறது. கூடவே முட்டுக்கட்டைப் புரதத்தையும் சற்றுத் தளர்வாக ஒட்டும்படி மாற்றிவிட்டால் தேறிவிடுகிறது. 2021இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் நோயாளிகளின் ரத்தத்தைப் படித்தபோது, அவர்களின் மஜ்ஜைச் செல்கள் சில இதே தீர்வைத் தாமாகவே எட்டியிருந்தன. பிறவியில் இல்லாத, வாழ்நாளில் தற்செயலாக நேர்ந்த திடீர்மாற்றத்தால் இ.ஐ.எஃப். 6 பலவீனமாகி, ரைபோசோம்கள் மறுபடியும் சேரத் தொடங்கியிருந்தன. அத்தகைய செல்கள் மற்றவற்றை முந்திப் பெருகியிருந்தன. அதே நோயாளிகளின் வேறு சில செல்களோ பி53ஐச் செயலிழக்கச் செய்து, கட்டுமானக் கோளாறைச் சரிசெய்யாமலேயே தடையை மட்டும் மீறியிருந்தன. முதல் வகை பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாம் வகையில் இரண்டு பிரதிகளும் கெடும்போது ரத்தப் புற்றுநோய் பிறக்கிறது. அதனால் இந்நோயாளிகளின் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் எந்தச் செல்வழி பெருகுகிறது என்று மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். முட்டுக்கட்டையை மருந்தால் தளர்த்த முடியுமா என்ற ஆய்வும் நடந்துவருகிறது.